வடசென்னை வாசகர் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

தண்டையார்பேட்டை, ஜெராக்ஸ் கடை

முதலில் ஒரு குறை. நான் வடசென்னைக்காரி என்று தெரிந்ததும், நிறையப் படிக்கிற நண்பர்கள் எனக்குச் சொல்வதெல்லாம் வடசென்னையைப் பற்றிய புத்தகங்கள்தான். குத்துச்சண்டை, கானா, ரவுடிகள், குடிசைகள். அவற்றில் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன, அது வேறு விஷயம். ஆனால் மயிலாப்பூர்க்காரரிடம் யாராவது "தெப்பக்குளத்தைப் பற்றி ஒரு நாவல் வந்திருக்கிறது, கட்டாயம் படியுங்கள்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவருக்கு டால்ஸ்டாய். நமக்கு நம் தெருவே.

என் கடையில் நோட்டு, பேனா அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு முழுக்கச் சொந்தப் புத்தகங்கள். இரவல் கொடுப்பேன். பெயரையும் தேதியையும் எழுதிவிட்டுப் போனால் போதும். புத்தகம் கேட்டு வருகிறவரிடம் "என்ன பிடிக்கும்?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் ஏதாவது ஒரு சினிமாப் பெயர்தான் பதிலாக வரும். "எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள், எவ்வளவு நேரம் கிடைக்கும்?" என்பதுதான் என் கேள்வி.

துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையை இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அப்படிக் காத்திருந்த ஓட்டுநர் ஒருவர் காகிதங்களை நகல் எடுக்க வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். தட்டைப் பார்த்துவிட்டு ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்தார், இரண்டு விரலால் தடிமனை அளந்தார், திரும்ப வைத்துவிட்டார். "ஒல்லியாக இருப்பது வேண்டாம் அம்மா. வரிசை நகர்வதற்குள் முடிந்துவிடும்." இப்படி ஒரு வாசகரை நான் அதுவரை பார்த்ததில்லை. நம் விமர்சகர்கள் எல்லாம் பக்கம் கூடிவிட்டது, வெட்டியிருக்கலாம் என்று புலம்புகிறார்கள். இவர் பக்கம் போதவில்லை என்கிறார்.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' இருந்தது. 2011இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஓடும். மதுரையின் பல நூற்றாண்டுக் கதை, அதற்குள் களவும் காவலும். எடுத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு நாள் ஆந்திராவில் எங்கோ லாரியை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். விஜயநகரப் படை மதுரைக்கு வருகிற பகுதியில் யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பிவிட்டதாம். எனக்கும் அந்த இடத்தில் குழப்பம்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வழியாக அவிழ்த்தோம். புத்தகம் ஓரமெல்லாம் கிரீஸ் பட்டுத் திரும்பி வந்தது. "அடுத்தது இதைவிடப் பெரியதாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

இதுபோல உங்களுக்கும் நடந்திருக்கும். யாருக்கு எதைக் கொடுத்தீர்கள், அவர் என்ன சொன்னார்? எழுதுங்கள்.

காசிமேடு

அக்காவின் லாரி ஓட்டுநருக்கு வரிசை என்றால் எங்கள் மாமாவுக்குத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. காலையில் இஞ்சின் வேலை, வலை வேலை, பெயிண்ட் வேலை என்று பொழுது போய்விடும். சாப்பிட்ட பிறகுதான் ஆள் நிலைகொள்ளாமல் தவிப்பார். அந்த நேரத்தில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலைக் கொடுத்தேன். தெற்கே மணப்பாட்டுப் பக்கத்துப் பரதவர் வாழ்க்கை. சின்னப் புத்தகம்.

மாமா அதைப் படித்தார் என்று சொல்வதைவிட அதோடு சண்டை போட்டார் என்று சொல்லலாம். நாவலில் வல்லம் என்ற நாட்டுப்படகில் போகிறவர்களுக்கும் லாஞ்சு என்ற விசைப்படகில் போகிறவர்களுக்கும் பகை மூள்கிறது. படிக்கிறவர் மனம் வல்லத்தின் பக்கம்தான் சாயும். எங்கள் மாமா லாஞ்சுக்காரர். "கடன் வாங்கிப் படகு கட்டினவன் படுகிற பாட்டை யார் எழுதுவது? டீசல் விலையை யார் எழுதுவது?" என்று எனக்குத்தான் கேள்வி, நான்தான் எழுதினேன் என்பதுபோல. வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் புத்தகம் பிடிக்கவில்லை என்று எண்ணியிருப்பேன். இவர் மறுநாளும் அதே பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டாளிகளிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நாவலின் நாயகி பிலோமியைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தையிடம் பேசியிருக்கிறார். இப்போது அத்தை படிக்கிறார்.

அடுத்து ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்'. கிழவருக்கு 84 நாள் மீனே கிடைக்கவில்லை என்று தொடங்குமே, அங்கேயே நிறுத்திவிட்டார். "நம் தடைக்காலத்தைவிட 23 நாள் அதிகம்! 61 நாளுக்கே அடகு வைக்க வீட்டில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இந்த மனிதர் எதைச் சாப்பிட்டார்?" அந்தப் பையன் கிழவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற இடம் வந்ததும்தான் சமாதானமானார். கடைசியில் பெரிய மீனைப் படகின் பக்கவாட்டில் கட்டி இழுத்துவருகிறாரே, அதற்கும் ஒரு தீர்ப்பு: "ரத்தம் ஒழுகுகிற மீனைத் தண்ணீரில் இழுத்தால் சுறா வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்தச் சின்னப் படகில் வேறு எங்கே வைப்பார், அதையும் சொல்ல வேண்டும்."

இரண்டையும் முடித்துவிட்டு அவர் என்னிடம் கேட்டது இது: "கடல் இல்லாத புத்தகம் ஏதாவது இருந்தால் கொடு." ஆகவே என் ஓட்டு அக்காவுக்கே. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' கொடுத்திருக்கிறேன். கரிசல் காடு, ஒரு துளி உப்புத் தண்ணீர் கிடையாது.

ராயபுரம்

அக்கா சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். நம் தெருவைப் பற்றிய புத்தகம் நமக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்லும் என்று யார் சொன்னது?

என் அப்பா பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்னாடிக்) துணி மில்லில் வேலை பார்த்தவர். 1996இல் மில் மூடப்பட்ட பிறகு அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். படிக்கிற பழக்கம் தினத்தாளோடு சரி. அவருக்குத் திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' புத்தகத்தில் தொழிலாளர் இயக்கத்தைப் பற்றிய பகுதியை மட்டும் அடையாளம் வைத்துக் கொடுத்தேன். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். அப்பா சங்கத்தில் இருந்தவர், ஆகவே மகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன்.

படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சாப்பிடும்போது, "1921 வேலைநிறுத்தத்தில் புளியந்தோப்பில் எரிந்த குடிசைகள் யாருடையவை என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களுடையவை. வேலைநிறுத்தத்தில் சேராமல் மில்லுக்குப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள், கலவரம் அதில்தான் வெடித்தது. அவர்கள் ஏன் சேரவில்லை, நிர்வாகம் அதை எப்படிப் பயன்படுத்திக்கொண்டது, சங்கத் தலைவர்கள் அவர்களிடம் எப்படிப் பேசினார்கள் என்று அப்பா அடுக்கிக்கொண்டே போனார். எல்லாம் அவருடைய பாட்டி வழியாக வந்த கதைகள். சங்கத்தின் பக்கம் நின்று பார்த்தால் வீர வரலாறு, எரிந்த குடிசையின் வாசலில் நின்று பார்த்தால் வேறு. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஊர்ப் புத்தகம் ஒன்று குறுக்கே வந்து விழ வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் சொந்த அக்கா மகளுக்கு நிவேதிதா லூயிஸ் எழுதிய 'வடசென்னை: வரலாறும் வாழ்வியலும்' வாங்கிக் கொடுத்தேன். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தூக்கம் போயிற்று. 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் எதிரிலேயே வளர்ந்தவன் நான். அதன் தூண்களை அண்ணாந்து பார்த்தது அவள் இழுத்துக்கொண்டு போன பிறகுதான்.

வியாசர்பாடி

எங்கள் பாட்டிக்கு நடந்தது இரண்டு கட்சிக்கும் பொருந்தும்.

பாட்டி ரங்கூனில் பிறந்தவர். 1962இல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. எங்கள் பகுதியில் பாதிப் பேருக்கு இதே கதை. வெளியிலிருந்து வருகிறவர்கள் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கதையை யாரும் கேட்பதில்லை.

கல்லூரி நூலகத்தில் வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழிநடைப் பயண நூல் கிடைத்தது. சர்மா ரங்கூனில் 'ஜோதி' என்ற பத்திரிகையை நடத்தியவர். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது மலையும் காடும் கடந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர். பாட்டிக்குக் கண் பார்வை மங்கல், நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஊர்ப் பெயர்களை நான் உச்சரிக்கும் விதத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு திருத்தினார். பிறகு என்னை வாசிக்கவே விடவில்லை. சர்மா ஒரு பக்கம் நடந்தால் பாட்டி மூன்று பக்கம் நடந்தார். "எங்கள் அப்பா அப்போது கிளம்பவில்லை. கடையை விட்டு எங்கே போவது என்று உட்கார்ந்துவிட்டார். இருபது வருடம் கழித்துக் கடையும் போயிற்று, ஊரும் போயிற்று." சர்மா நடந்தது சரியா, அவருடைய அப்பா தங்கியது சரியா என்பதுதான் பாட்டிக்குத் தீராத வழக்கு. ஒரு நாள் சர்மா பக்கம், மறுநாள் அப்பா பக்கம். பக்கத்து வீட்டுக் கிழவர்கள் இரண்டு பேரும் இந்த வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். நான் எல்லாவற்றையும் செல்பேசியில் பதிவு செய்கிறேன். புத்தகம் இன்னும் பாதியைத் தாண்டவில்லை.

இதைக் கேள்விப்பட்ட என் பேராசிரியர் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' கொடுத்தனுப்பினார். போர்க்காலம், தென்கிழக்காசியா, தமிழர்கள், எல்லாம் இருக்கிறதே என்று. பாட்டி ஐந்து நிமிடம் கேட்டார். "இது மெடான், பினாங்கு. நம் ஊர் இல்லை" என்று சொல்லிவிட்டார். அவருடைய ஊர் எது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அது வியாசர்பாடி இல்லை. அந்த நாவலை நான் எடுத்துக்கொண்டேன். தமிழில் அதற்கு நிகராக ஒன்றை இன்னும் படிக்கவில்லை என்பது என் கருத்து, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கொளத்தூர்

சுருக்கமாக. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், ஆகவே எனக்குப் பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் அழுகைதான் வரும். அம்மாவுக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' கொடுத்தேன். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள். அம்மா கல்யாணமாகி வந்த நாள் முதல் அடிபம்போடும் லாரியோடும் மல்லுக்கட்டியவர். படித்துவிட்டு, "இவர் வரிசையில் நின்றிருக்கிறார்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் பெரிய பாராட்டு எங்கள் வீட்டில் கிடையாது.

பெரம்பூர்

ஒரு வேண்டுகோள். தயவுசெய்து யாருக்கும் 'பொன்னியின் செல்வன்' பரிந்துரைக்காதீர்கள். ஒன்று, அவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள். இல்லையென்றால் படிப்பதில்லை என்று சபதம் எடுத்திருப்பார்கள்.

எங்கள் தெரு ஆட்டோக்காரர் ஒருவரிடம் பழைய முத்து காமிக்ஸ் கட்டுக் கட்டாக இருக்கிறது. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியதே, அந்த வரிசை. சிறு வயதில் மூர் மார்க்கெட்டில் வாங்கியவையாம். 1985இல் அந்தக் கட்டடம் எரிந்தபோது, "என் புத்தகங்கள் தப்பின, இன்னும் வாங்காதவை போயின" என்று வருந்தியதாகச் சொல்வார். எனக்கு வாசிப்புப் பழக்கம் வந்தது அவரால். இலக்கியவாதிகள் மன்னிக்க.

எனக்கு இப்போது ஒரு பரிந்துரை வேண்டும். என் மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணியில் மூன்று மணி வாக்கில் பத்து நிமிடம் ஓய்வு கிடைக்கும், அதுவும் எப்போது வேண்டுமானாலும் பறிபோகும். அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன கொடுப்பது? நோய், சாவு, அழுகை எதுவும் கூடாது; அது பணியிலேயே போதுமான அளவு இருக்கிறதாம்.

வண்ணாரப்பேட்டை

பெரம்பூர் அண்ணா, புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேருகிற சந்தியில் கந்தசாமிப் பிள்ளை நின்று யோசித்துக்கொண்டிருக்கிறார், கடவுள் வந்து நிற்கிறார், பிள்ளை அவரைக் காப்பி குடிக்க அழைத்துப் போகிறார், தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராகவும் சேர்த்துவிடப் பார்க்கிறார். பத்து நிமிடத்தில் முடியாது, ஆனால் எந்த இடத்தில் மணி அடித்துக் கூப்பிட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, செல்பேசியிலேயே படிக்கக் கிடைக்கும். அண்ணியிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: வார்டில் சத்தமாகச் சிரித்தால் நோயாளிகள் விழித்துக்கொள்வார்கள்.