உங்கட நிலம் கீழ் வீட்டுக்காரருக்குக் கூரை: வன்னியில இருந்து வெளிக்கிடுற ஆக்களுக்கு

வட்டக்கச்சியில அம்மா வீட்டு முத்தத்தில இருந்துதான் இதை ரைப் பண்ணுறன். லீவில வந்து ரெண்டு கிழமை. பக்கத்து வளவில மோட்டர் இறைக்குது, ரோட்டால லாண்ட்மாஸ்ரர் போகுது, விடிய அஞ்சு மணிக்கே கோயில் ஸ்பீக்கரில பாட்டு துவங்கீட்டுது, ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. இஞ்ச சத்தம் கேட்டா ஆக்கள் இருக்கினம் எண்டு அர்த்தம். ஒரு நாளைக்கு மோட்டர் சத்தம் கேக்காட்டித்தான் அம்மா வேலியால எட்டிப் பாத்து "என்ன பிள்ளை, சுகமில்லையோ" எண்டு கேப்பா.

முந்தநாள் பின்வளவு அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு வந்தா. பெடியனுக்கு கனடா சரிவந்திட்டுது, முதல் ஸ்காபரோவில மாமா வீட்டு பேஸ்மென்றில இருந்திட்டு பேந்து மனிசியையும் பிள்ளையையும் எடுத்து அப்பார்ட்மென்றுக்கு மாறுற பிளான். எந்த ஜாக்கெற், மிளகாய்த்தூள் எத்தினை கிலோ கொண்டு போகலாம், லைசன்ஸ் எப்பிடி எண்டு எல்லாம் கேட்டார், சத்தத்தைப் பற்றிக் கேக்கேல்ல. நானும் போகேக்க ஆரிட்டையும் கேக்கேல்ல. அதாலதான் இந்த நீட்டு.

நாங்கள் 2012இல கனடாவில வாடகைக்கு எடுத்தது ஏழாம் மாடி. கொங்கிறீற் கட்டடம்தானே, சத்தம் எங்க போகப்போகுது எண்டு நினைச்சன். அது பிழை. கதைக்கிற சத்தத்தை கொங்கிறீற் ஓரளவு மறிக்கும், ஆனா நிலத்தில விழுற அடியை அது அப்பிடியே கீழ கொண்டுபோய்க் குடுக்கும். குதிக்கால ஊண்டி நடக்கிறது, கதிரையை இழுக்கிறது, பிள்ளை சோபாவில இருந்து குதிக்கிறது, உரலில இடிக்கிறது, இதெல்லாம் எங்களுக்குச் சின்னச் சத்தம், கீழ இருக்கிறவைக்கு இடி. எனக்கு பக்ரறியில பின்னேர ஷிப்ட், வீட்ட வர இரவு ஒண்டரை ஆகும், வந்து சாப்பாடு சூடாக்க மனிசி ரசத்துக்கு மிளகு சீரகம் இடிப்பா, எனக்கு அந்த வாசம் இல்லாட்டி சோறு இறங்காது. கீழ ஒரு வயசான மனிசி. தும்புத்தடியால சீலிங்கில தட்டுவா. நாங்கள் அதை "எங்களைக் கண்டா அவவுக்குப் பிடிக்கேல்ல" எண்டு விளங்கிக்கொண்டம். லிப்டில கண்டா நான் மற்றப் பக்கம் பாக்கிறது. உண்மையைச் சொன்னா, அந்த மூண்டு மாசத்துக்குள்ள ஒருக்கா எண்டாலும் கீழ போய்க் கதவைத் தட்டி "என்ன கேக்குது உங்களுக்கு" எண்டு கேட்டிருந்தா விசயம் அதோட முடிஞ்சிருக்கும்.

பேந்து ஒரு நாள் கதவுக்குக் கீழால கடதாசி வந்திது. மேல என்5 எண்டு போட்டு, எங்கட பேர், வெளியேற வேண்டிய திகதி. மனிசி அதைக் கண்ட உடன அலுமாரிக்கு மேல இருந்த சூட்கேசை இறக்கீட்டா. சிரிக்காதேங்கோ. 2009இல இந்த வட்டக்கச்சியில இருந்து விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன் எண்டு ஓடி கடைசியா செட்டிகுளம் முகாமில போய் நிண்ட சனத்துக்கு "இந்தத் திகதிக்கு முதல் போ" எண்டு ஒரு கடதாசி வந்தா கை தன்ர பாட்டில பெட்டி கட்டும். எங்கட ஆக்கள் கனபேர் அந்தக் கடதாசியோடயே வீட்டை விட்டிட்டுப் போயிருக்கினம், போகத் தேவையே இல்லாமல்.

அதால இதை மட்டும் வடிவா வாசியுங்கோ. ஒன்ராறியோவில (ரொறன்ரோ, ஸ்காபரோ இருக்கிற மாகாணம்) என்5 எண்டுறது ஒரு எச்சரிக்கை மாதிரி, வெளியேற்றுற உத்தரவு இல்லை. முதல் தரம் வந்தா 7 நாள் இருக்கு, அந்த 7 நாளுக்குள்ள சத்தத்தை நிப்பாட்டினா அந்த நோட்டிஸ் செல்லாது. நிப்பாட்டாட்டியும் வீட்டுக்காரர் (வாடகைக்கு விட்டவர்) வாடகைப் பிரச்சினையளைத் தீர்க்கிற லாண்ட்லோர்ட் அன்ட் ரெனன்ற் போர்டுக்குப் போய் உத்தரவு எடுக்க வேணும், உங்களை வெளியில விடுறதெண்டா ஷெரிப் எண்டுற கோட்டு அதிகாரிதான் அதைச் செய்யலாம், கட்டடத்தைப் பாக்கிற சுப்பரின்ரென்டனோ வீட்டுக்காரரோ பூட்டு மாத்தேலாது. ஆனா 6 மாசத்துக்குள்ள ரெண்டாந்தரம் என்5 வந்தா அந்த 7 நாள் சலுகை இல்லை, அப்ப விளையாடாதேங்கோ. கடதாசி விளங்காட்டி இலவச சட்ட உதவி கிளினிக்குகள் இருக்கு, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குக் காசில்லாமல் பாப்பினம், நாங்களும் அங்கதான் போனனாங்கள்.

நாங்கள் செய்தது: ஹோலுக்கும் பிள்ளை ஓடுற கொரிடோருக்கும் தடிச்ச கார்ப்பெற், அதுக்கு அடியில பஞ்சு மாதிரி ஒரு விரிப்பும் போட்டம் (அதுவும் இருந்தா இன்னும் பிரயோசனம்), கதிரைக் காலெல்லாத்துக்கும் பெல்ற் (felt) எண்டுற மெத்தைத் துணித் துண்டு, கிரைண்டருக்குக் கீழ மடிச்ச துவாய், இடிக்கிறது சனிக்கிழமை பகலில ஒரேயடியா இடிச்சு போத்தலில போடுறது. ஸ்பீக்கரை நிலத்தில வைக்காதேங்கோ, பேஸ் சத்தம் நிலத்துக்குள்ளால தான் இறங்கும். பேந்து வீட்டுக்காரருக்கு இன்ன திகதி இன்னது செய்தனாங்கள் எண்டு ஈமெயில் போட்டு, கார்ப்பெற் பில்லையும் படம் எடுத்து அனுப்பினன். வாயால சொன்னது ஒண்டும் பிறகு நிக்காது, எழுத்தில இருக்கிறதுதான் நிக்கும்.

வடை சுட்டுக்கொண்டு போய்க் குடுத்தா சரியாகாதோ எண்டு கேப்பினம். பிரச்சினைக்கு முதல் குடுங்கோ, வீடு மாறின முதல் கிழமையே. பிரச்சினை வந்த பிறகு தட்டோட போய் நிண்டா அது வேற மாதிரித் தெரியும் எண்டுறது என்ர எண்ணம். பேர்த்டே, சாமத்திய வீடு எண்டு ஆக்கள் சேரப்போகினம் எண்டா ரெண்டு நாளைக்கு முதல் மேல கீழ பக்கத்து வீடுகளுக்கு போன் நம்பரோட சின்னத் துண்டு எழுதி ஒட்டுங்கோ. அதுக்காக ஒரு மணி வரைக்கும் பாட்டுப் போடலாம் எண்டு இல்லை, பதினொரு மணிக்கு முடியுங்கோ.

இனி மற்றப் பக்கம். மூண்டு வருசத்தால எங்களுக்கு மேல பெடியள் வந்தாங்கள், வெள்ளி சனி விடிய ரெண்டு மணி வரைக்கும் டும் டும். எனக்கு ஏறிப்போய் ரெண்டு வார்த்தை கேக்கத்தான் வந்தது. போகேல்ல. கோவத்தில இரவில ஒருத்தற்ற கதவைத் தட்டினா நாளைக்கு முறைப்பாடு உங்களுக்கு மேல வரும். பகலில ஒருக்கா மரியாதையா சொன்னன், கேக்கேல்ல, அதுக்குப் பிறகு கொப்பியில எழுதத் துவங்கினன்: திகதி, எத்தினை மணியில இருந்து எத்தினை மணி, என்ன சத்தம், ஆர் ஆர் வீட்டில நிண்டது. ஒவ்வொரு தரமும் வீட்டுக்காரருக்கு ஈமெயில். வாடகைக்காரர் ஒருத்தர் மற்றவையின்ர நிம்மதியைக் கெடுத்தா அதைப் பாக்கவேண்டியது வீட்டுக்காரற்ற பொறுப்பு, அசையாட்டி ரீ2 எண்ட போர்மில நீங்கள் போர்டுக்குப் போகலாம். ரொறன்ரோ எண்டா சிற்றியின்ர 311 நம்பருக்கும் அடிக்கலாம், பாட்டுச் சத்தத்துக்கு அது சரி, ஆனா பிள்ளை ஓடுறது கதிரை இழுக்கிறது மாதிரி சாதாரண வீட்டுச் சத்தத்துக்கு சிற்றிக்காரர் வரமாட்டினம். பொலிசைக் கூப்பிடுற 911 அடிபாடு, வெருட்டல் எண்டா மட்டும். சில வேளை உண்மையிலயே துவேசமும் இருக்கும், இல்லையெண்டு சொல்லேல்ல, அப்பிடி ஏதும் சொன்னா சொன்ன வார்த்தையை அப்பிடியே கொப்பியில எழுதுங்கோ. சத்தம் வேற, அது வேற.

கொண்டோவில (ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிச் சொந்தக்காரர் இருக்கிற மாடிக் கட்டடம்) வாடகைக்கு இருக்கிற ஆக்கள் உங்கட வீட்டுக்காரருக்கும் மனேஜ்மென்றுக்கும் ரெண்டு பேருக்கும் எழுதுங்கோ. கொண்டோவுக்கெண்டு இருக்கிற தனி ட்ரிபியூனல் (தீர்ப்பாயம்) 2022 ஜனவரியில இருந்து சத்தப் பிரச்சினையளையும் பாக்குது, ஆனா அதுக்கு வாடகைக்காரர் நேராப் போகேலாது, வீட்டுச் சொந்தக்காரரோ கொண்டோ நிர்வாகமோதான் போகலாம்.

பேஸ்மென்ற் தான் கஷ்டம். மேல மாமா குடும்பம், தலைக்கு மேல மச்சானின்ர பிள்ளையள் ஓடுதுகள், என்னெண்டு முறைப்பாடு குடுக்கிறது? குடுக்க மாட்டியள், எனக்குத் தெரியும். ஒண்டு மட்டும் தெரிஞ்சு வையுங்கோ, வீட்டுக்காரரோட குசினி இல்லாட்டி பாத்ரூம் பங்கு எண்டா நான் மேல சொன்ன வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. காதுக்கு அடைக்கிற பஞ்சு வாங்குங்கோ, கெதியா வேற இடம் பாருங்கோ.

சுவிஸ், ஜெர்மனி போற ஆக்கள் இரவு 10 மணியை அம்மாளாச்சி காப்பு மாதிரிக் கட்டிக் கொள்ளுங்கோ. ஞாயிற்றுக்கிழமை துளைக்கிறது, புல்லு வெட்டுறது, போத்தல் கொண்டுபோய்ப் போடுறது ஒண்டும் கூடாது, சுவிஸில உடுப்புத் தோய்க்கிறதுக்கும் கட்டடத்துக்குக் கட்டடம் விதி. லண்டன் எண்டா கவுன்சிலுக்கு எழுதுறது, இரவு எண்டுறது அங்க 11இல இருந்து 7 வரைக்கும்.

இன்னொண்டு, மே மாச விக்ரோறியா டேயும் யூலை 1ம் திகதி கனடா டேயும் ரொறன்ரோவில வாணம் விடுவினம், இரவு 11 வரைக்கும் அதுக்கு அனுமதி இருக்கு. வயசான ஆக்களை இஞ்சயிருந்து கூப்பிட்டிருந்தா காலமையே சொல்லி வையுங்கோ. என்ர மாமி முதல் வருசம் கட்டிலுக்குக் கீழ இருந்தவ, நாங்கள் கேக் வெட்டிக்கொண்டு நிக்கிறம், ஆளைக் காணேல்ல.

பின்வளவு அக்கா மகனுக்கெண்டு பரந்தனில சின்ன உரல் ஒண்டு வாங்கி வச்சிருக்கிறா, பாரம் மூண்டு கிலோ வரும். வேண்டாம் எண்டு சொல்ல மனம் வரேல்ல. பழைய ட்ரக்டர் ரியூப்பில வட்டமா ஒரு துண்டு வெட்டி அடியில ஒட்டிக் குடுத்திட்டன். பெடியன் என்னத்துக்கு அண்ணை இது எண்டு கேட்டார், இதை ஒருக்கா வாசியும் எண்டு சொல்லியிருக்கிறன்.