‘ஷண்ட்’டுக்குத் தமிழ் என்ன? பக்கவழி வேண்டாம்

வணக்கம்.

கரவன் வான்களில் பற்றரி மொனிற்றர் (பற்றரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கருவி) பூட்டுவதற்கான கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது. மொனிற்றர் மின்னோட்டத்தை வாசிப்பதற்காக வைக்கும் சிறு தடைத் துண்டான ‘ஷண்ட்’டை வரைவு ‘பக்கவழி’ என்கிறது. சிறு மின்னோட்டத்தை அளக்கும் கல்வனோமானி பற்றிய பாடத்தில் அது சரி. மானியின் மெல்லிய சுருள் பெரிய மின்னோட்டத்தைத் தாங்காது. பக்கத்தில் ஒரு சிறு தடையைச் சமாந்தரமாக வைத்தால் பெரும்பங்கு அதன் வழியே போய்விடும். மானியிலிருந்து பார்த்தால் அது பக்கவழிதான்.

கரவன் வானில் அதுவே பிரதான வீதி. பற்றரியின் நெகட்டிவ்வுக்கும் மற்ற எல்லா நெகட்டிவ்களுக்கும் நடுவே, தொடராக நிற்கிறது. ‘பக்கவழி’ என்று வாசித்த ஒருவர் அதைப் பற்றரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பூட்டினால் என்ன ஆகும்? 500 அம்பியருக்கு 50 மில்லிவோல்ற் என்று பொறித்த துண்டின் தடை 0.1 மில்லியோம். பற்றரியின் அகத்தடை 5 மில்லியோம் என்றே வைத்தாலும் 2,000 அம்பியருக்கு மேல் பாயும். ஸ்பானரைக் குறுக்கே போட்டதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

‘அளவுத்தடை’ என்று வைக்கலாமா?

வெள்ளவத்தை

•

ஐயா, காரணம் சரி, சொல் சரியில்லை. ‘அளவுத்தடை’ என்றால் ஏதோ இறக்குமதிக் கட்டுப்பாடு போலக் கேட்கிறது. ‘அளவீட்டுத்தடை’யும் அதே கதை.

அம்பியர்மானி, கல்வனோமானி எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பழகிய சொற்கள். மானி வாசிப்பதற்காக வைத்த தடை, ஆகவே ‘மானித்தடை’. உள்ளே இருக்கும் தகடுகளும் பெரும்பாலும் மங்கனின் கலப்புலோகம்தான் (செம்பு ஏறத்தாழ 84, மங்கனீசு 12, நிக்கல் 4 வீதம்). சூடேறினாலும் தடை பெரிதாக மாறாது என்பதால்தான் மானிக்கு உதவுகிறது. பெயரும் பொருந்துகிறது.

பக்கவழியை இயற்பியல் வகுப்புக்கே விட்டுவிடுவோம்.

பம்பலப்பிட்டி

•

மானித்தடைக்கு என் வாக்கு. ஆனால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் போய் ‘மானித்தடை ஒன்று தாங்கோ’ என்றால் கிடைக்காது. முதல் இடத்தில் ‘மானித்தடை, கராஜில் ஷண்ட்’ என்று சேர்த்து எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய பிழை அதன் இரண்டு முனைகளின் பெயரில் இருக்கிறது. வரைவில் ஒன்று ‘பற்றரிப் பக்கம்’, மற்றது ‘பாவனைப் பக்கம்’. வயரிங் பாஸ் என்ன நினைப்பார்? லைற், ஃபிரிஜ், இன்வேட்டர் எல்லாம் பாவனை. சோலார் கொன்றோலர் பாவனை இல்லையே, அது சார்ஜ் பண்ணுவது என்று அதன் நெகட்டிவ்வை நேரே பற்றரியில் மாட்டுவார். பிறகு உள்ளே வருவது ஒன்றும் கணக்கில் ஏறாது. மொனிற்றர் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும், பற்றரியோ நிறைந்திருக்கும். ‘வாகனப் பக்கம்’ என்று எழுதுங்கள். பற்றரி முனைக்கும் மானித்தடைக்கும் நடுவே ஒரேயொரு கேபிள். மற்ற எல்லாம், வானின் உடற்பகுதிக்குப் போகும் ஏர்த் கேபிள் உட்பட, வாகனப் பக்கத்தில்.

பூட்டுவதற்கு முன் கழற்றும் ஒழுங்கும் வரைவில் தலைகீழ். சோலார் பனலின் வயரைத்தான் முதலில் கொன்றோலரிலிருந்து கழற்ற வேண்டும். பற்றரியை முதலில் கழற்றினால் பனலின் முழு வோல்ற்றும் ஏறி, கொன்றோலர் பழுதாகலாம். அடுத்தது பற்றரியின் நெகட்டிவ். 1,000 வோற் இன்வேட்டர் 12 வோல்ற்றில் இழப்போடு சேர்த்து 100 அம்பியர் வரை இழுக்கும். 35 சதுர மில்லிமீற்றர் கேபிள் போடுங்கள். லக் (கேபிள் நுனியின் வளையம்), மானித்தடையின் பித்தளைக் கட்டையோடு நேரே ஒட்டி இருக்க வேண்டும், வாஷர் அதற்கு மேலே. நடுவில் வாஷர் போனால் அந்த இடம் கொதிக்கும். மொனிற்றருக்கான மெல்லிய சிவப்பு வயர், பியூஸோடு, பற்றரியின் பொசிற்றிவ்வுக்குக் கடைசியாக.

சோதனை: எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் பம்பை மட்டும் போடுங்கள். திரையில் கழித்தல் குறியோடு சில அம்பியர் வர வேண்டும். பம்ப் இரைகிறது, திரையில் 0.00 என்றால் எங்கோ ஒரு நெகட்டிவ் இன்னும் பற்றரியில் நேரே நிற்கிறது. கூட்டல் குறி வந்தால் கேபிள்கள் முனை மாறி இருக்கின்றன.

கொட்டாஞ்சேனை

•

மொனிற்றருக்கு ‘இருப்புமானி’ என்று வரைவில் பார்த்தேன். அழகான சொல்தான், ஆனால் பொய் சொல்கிறது. மானி என்றால் அளக்கும். நீரமானியை அமிலத்தில் விட்டால் அது உள்ளதை அளந்து சொல்லும். இந்தக் கருவி இருப்பை அளப்பதில்லை. போனது, வந்தது என்று அம்பியர்மணியைக் கூட்டிக் கழிக்கிறது. தொடக்கத்தில் 100 அம்பியர்மணிப் பற்றரிக்கு 200 என்று பதிந்துவிட்டால், பற்றரி முழுக்க வற்றிய பிறகும் பாதி இருக்கிறது என்று அடித்துச் சொல்லும்.

ஆகவே ‘இருப்புக் கணக்கி’. கணக்குப்பிள்ளைக்கு ஐந்தொகை மாதிரி, இதற்கும் இடைக்கிடை கணக்கு நேராக்க வேண்டும். பற்றரி நிறைந்துவிட்டது என்று அது முடிவெடுக்க மூன்று நிபந்தனை: வோல்ற் ஒரு மட்டத்துக்கு மேல், மின்னோட்டம் ஒரு மட்டத்துக்குக் கீழ், அப்படியே சில நிமிடம். அந்த இரண்டாவது மட்டத்தை வரைவு ‘வால் மின்னோட்டம்’ என்கிறது. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. சார்ஜ் முடியும் தறுவாயில் ஓட்டம் அடங்கி வருகிறது. ‘அடங்கு மின்னோட்டம்’ என்றால் போதும். வழக்கமாகக் கொள்ளளவின் 4 வீதம், அதாவது 100 அம்பியர்மணிக்கு 4 அம்பியர்.

இதிலும் ஒரு பொறி. அந்த முதல் மட்டத்தை, அதாவது நிறைவு வோல்ற்றை, 13.2இலேயே விட்டால், கொழும்பில் ஒக்டோபர் பிற்பகல் மேகம் மூடியதும் கணக்குக் கெடும். பனலின் மின்னோட்டம் 2 அம்பியருக்கு விழுகிறது, பற்றரி இன்னும் 13.3இல் நிற்கிறது, மூன்று நிமிடம் கழிகிறது, திரையில் 100 வீதம். உண்மையில் 70ஆக இருக்கலாம். கொன்றோலர் 14.4 வரை ஏற்றுவதாக இருந்தால் 14.1 அல்லது 14.2 என்று வையுங்கள்.

தெமட்டகொடை

•

மானித்தடை, வாகனப் பக்கம், இருப்புக் கணக்கி, அடங்கு மின்னோட்டம் நான்கையும் வரைவில் மாற்றிவிட்டேன். கழற்றும் ஒழுங்கையும் திருத்தினேன். 7ஆம் படத்தில் மட்டும் இன்னும் ‘பாவனைப் பக்கம்’ என்று எழுத்து நிற்கிறது. படம் கீறியவரிடம் மூல வரைபு இருந்தால் அனுப்பச் சொல்லுங்கோ.

வெள்ளவத்தை