சன்செட் புல்வார்ட்: நார்மா மேல் கோபமா, பரிதாபமா?

கேள்வி: பில்லி வைல்டரின் இந்த 1950 படத்தை நேற்றுதான் பார்த்தேன். மவுனப்பட காலத்தில் நட்சத்திரமாக இருந்து மறக்கப்பட்ட நார்மா கொலையே செய்கிறாள், ஆனாலும் அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உங்களுக்கு எப்படி?

பதில்: எனக்கும் அப்படித்தான். ஸ்டுடியோவில் அவள் தொப்பி இறகை மைக் உரசும்போது வெடுக்கென்று தள்ளிவிடுகிறாள் பாருங்க, பேசும் படம் அவளிடமிருந்து பறித்தது அத்தனையும் அந்தத் தள்ளலில் இருக்கிறது.

பதில்: என்னை உலுக்கியது நார்மாவின் வேலைக்காரர் மேக்ஸ்தான். அவளுக்கு வரும் ரசிகர் கடிதங்களை அவரே எழுதுகிறார். அப்புறம், நார்மா வீட்டில் போட்டுப் பார்க்கும் பழைய படம் 'குயின் கெல்லி'. அதில் நிஜமாகவே நடித்தவர் நார்மாவாக வரும் குளோரியா ஸ்வான்சன், இயக்கியவர் மேக்ஸாக வரும் ஸ்ட்ரோஹைம். இது தெரிந்தபிறகு நெஞ்சு கனக்கிறது.

பதில்: நார்மாவின் திரைக்கதையைத் திருத்த வந்த எழுத்தாளன் ஜோவைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை அண்ணா. உண்மையை முதல் நாளே சொல்லியிருக்கலாமே.