தைத்த வாழ்த்து அட்டை: நட்சத்திரம் கழன்று விழுகிறது, மணி தொங்குகிறது

நூல்கண்டு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். துணியில் பதினைந்து வருடமாக எம்பிராய்டரி போடுகிறேன். அந்தத் தைரியத்தில், இந்தப் பண்டிகைக்குக் கடை அட்டை வேண்டாம், 25 பேருக்கும் நானே நூலும் மணியும் வைத்துத் தைத்து அனுப்புகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

முதல் அட்டையில் ஐந்து முனை நட்சத்திரம். துணியில் போடுவது போலவே நெருக்கமாகப் பின்தையல் போட்டேன். கடைசித் தையலை இழுத்ததும், தாளிலிருந்து தபால்தலையைக் கிழித்த மாதிரி நட்சத்திரம் முழுசாகக் கழன்று கையில் வந்துவிட்டது. என் பையன் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறான். போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது.

இரண்டாவதில் துளைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். கிழியவில்லை, ஆனால் மணிகள் எல்லாம் தளர்ந்து தொங்குகின்றன. மூன்றாவதில் நூலை இறுக்கினேன், அட்டையே வளைந்துபோனது. பின்பக்கத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. முடிச்சுகள் முன்பக்கம் வரை மேடு தட்டுகின்றன.

சோதனைக்கு ஒன்றை எனக்கே தபாலில் போட்டேன். ஆறு மணிகளில் இரண்டுதான் முழுசாக வந்தன. மற்றவை உறைக்குள் கண்ணாடித் தூளாகக் கிடந்தன.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் சார்ட் அட்டையில்தான் தைக்கிறேன். ஆறு இழை பருத்தி நூல், கொஞ்சம் ஜரிகை நூல், 11-ஆம் எண் பாசிமணி எல்லாம் கையில் இருக்கின்றன. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

காகிதப்பூ எழுதியது:

முதல் தப்பு அட்டை. சார்ட் அட்டை வேண்டாம். 250 ஜிஎஸ்எம் அட்டை என்று கேட்டு வாங்குங்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் இருக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 200-க்குக் கீழே போனால் கிழியும், 300-க்கு மேலே போனால் விரல் வலிக்கும்.

இரண்டாவது, ஊசியாலேயே துளை போட்டுக்கொண்டு தைக்காதீர்கள். முதலில் எல்லாத் துளைகளையும் போட்டு முடித்துவிட்டு, பிறகு நூலைக் கோருங்கள். கீழே ஒரு பழைய மவுஸ் பேடோ தெர்மோகோல் துண்டோ வைத்து, முன்பக்கத்திலிருந்து குத்துங்கள். பிசிறு பின்பக்கம் போய்விடும். அதை ஒரு கரண்டியின் முதுகால் தேய்த்துவிட்டால் தட்டையாகிவிடும். தையல் வரிசையில் துளைக்குத் துளை 4 மில்லிமீட்டராவது இருக்கட்டும். துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். காகிதத்தில் நாரை அறுத்துக்கொண்டு போகும், போட்ட துளை போட்டதுதான்.

கவராயம் எழுதியது:

நூல்கண்டு, உங்கள் ஃபிரிட்ஜ் நட்சத்திரத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். என் முதல் அட்டையும் அப்படித்தான் போனது.

நான் பள்ளியில் முப்பது வருடம் கணக்கு நடத்தியவள். தையல்காரி இல்லை. பின்தையலில் உங்கள் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் அட்டைக்கு அந்தத் தையல் எதற்கு என்பது என் கேள்வி. நேர்கோடு மட்டும் போதும். நேர்கோடுகளை ஒழுங்காக அடுக்கினால் வளைவு தானாக வரும். மேரி எவரெஸ்ட் பூல் என்று ஓர் அம்மையார், 1832-இல் பிறந்து 1916 வரை இருந்தவர், துளையிட்ட அட்டையில் நூல் கோர்க்க வைத்தே குழந்தைகளுக்கு வடிவியலைப் பழக்கினார். பூலியன் தர்க்கம் என்கிறோமே, அந்த ஜார்ஜ் பூலின் மனைவி. நான் வகுப்பில் அவர் வழியைத்தான் பின்பற்றினேன். ஓய்வு பெற்ற பிறகு அதுவே வாழ்த்து அட்டையாகிவிட்டது.

செய்முறை இதுதான். 4 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு தாளில் வட்டம் போடுங்கள். கோணமானியை வைத்து 15 பாகைக்கு ஒரு புள்ளி. மொத்தம் 24 புள்ளி வரும், 1 முதல் 24 வரை எண் போடுங்கள். தாளை அட்டை மேல் வைத்துக் குத்துங்கள். புள்ளிக்குப் புள்ளி ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே இருக்கும், கிழியும் பேச்சே இல்லை.

இனி நூல். 1-இல் மேலே வந்து 8-இல் இறங்குங்கள். பின்பக்கமாகப் பக்கத்துத் துளைக்குப் போய் 9-இல் ஏறி, 2-இல் இறங்குங்கள். அப்புறம் 3-இல் ஏறி 10-இல் இறக்கம், 11-இல் ஏறி 4-இல் இறக்கம். இப்படியே போனால் கடைசியில் 24-இல் இறங்குவீர்கள். அது தொடங்கிய 1-க்குப் பக்கத்து வீடு, இரண்டு நுனிகளும் அங்கேயே சந்திக்கும். முன்பக்கம் 24 முனை நட்சத்திரம், நடுவில் 2.4 சென்டிமீட்டர் ஆரத்தில் காலியான வட்டம். வட்டத்தை யாரும் வரையவில்லை, ஆனால் இருக்கும். எத்தனை முறை போட்டாலும் எனக்கு அந்த இடத்தில் ஒரு சந்தோஷம். 7 தள்ளுவதற்குப் பதில் 11 தள்ளினால் (1-இலிருந்து 12, பிறகு 13-இலிருந்து 2) நூல்கள் கிட்டத்தட்ட நடுவிலேயே குவியும். அது வேறு அழகு, ஆனால் மணி வைக்க நடுவில் இடம் கிடைக்காது.

பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓரமாகப் பன்னிரண்டு சின்னக் கோடுகள் மட்டும். முடிச்சே வேண்டாம். நூல் நுனியை ஒரு சென்டிமீட்டர் விட்டு, வெள்ளைப் பசையை ஊசிமுனை அளவு தொட்டு ஒட்டுங்கள். செல்லோடேப் நாளாக ஆக மஞ்சளாகும், பிசுபிசுக்கும்.

ஒரு நட்சத்திரத்துக்கு 180 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நூல் போகும். நுனிகளையும் சேர்த்து 2 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு இழையில் இரண்டு இழை பிரித்தால் போதும். ஜரிகையை மட்டும் 40 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். துளை வழியாக ஏறி இறங்க இறங்க அதன் மேல் தகடு உரிந்துவிடும்.

மணிக்கு வருகிறேன். 11-ஆம் எண் மணி சுமார் 2 மில்லிமீட்டர். (எண் ஏற ஏற மணி சிறுக்கும், இது நிறையப் பேருக்குத் தலைகீழாகத்தான் மனதில் இருக்கிறது.) 2 மில்லிமீட்டர் மணியை 4 மில்லிமீட்டர் தையலில் கோர்த்தால் அது ஊஞ்சல் ஆடத்தான் செய்யும், இறுக்கினால் அட்டைதான் வளையும். மணிக்கென்று 2 மில்லிமீட்டர் இடைவெளியில் தனியாக ஜோடித் துளை போடுங்கள். ஒரு ஜோடிக்கும் அடுத்ததற்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள், இல்லையென்றால் மறுபடியும் தபால்தலைக் கதைதான். அதே மணிக்குள் நூலை இரண்டு தடவை விட்டால் அசையாது. சாதாரண ஊசியின் காது மணிக்குள் நுழையாது. மணி கோர்க்கும் 10-ஆம் எண் ஊசி தேவைப்படும்.

அட்டை மடிப்பு: ஏ4 அட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மூன்றாக மடியுங்கள். நடு மடிப்பில் தையல். இடது மடிப்பை உள்ளே மடித்து ஒட்டினால் தையலின் முதுகு மறைந்துவிடும், வலது மடிப்பு வாழ்த்து எழுத. மறைக்கும் மடிப்பை 2 மில்லிமீட்டர் குறைத்து வெட்டினால் துருத்தாது. மடிக்கும் முன், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்துங்கள். 25 பேருக்கு 13 தாள் போதும், ஒன்று மிஞ்சும். அதைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தபால்பெட்டி எழுதியது:

எல்லாம் சரி, தபாலில் போகிறது என்றால் மணியே வேண்டாம் என்பது என் கட்சி. உறைகளை ஊர்வாரியாகப் பிரிக்கும் இயந்திரத்தில் உருளைகள் இருக்கின்றன. கண்ணாடி மணி அதில் தப்புவது அதிர்ஷ்டம். தட்டைச் சமிக்கி வையுங்கள். நேரில் கொடுக்கும் அட்டைக்கு மட்டும் மணி.

மணிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பார்சல் பெட்டியின் நெளி அட்டையில் உறைக்குள் அடங்கும் அளவு ஒரு சதுரம் வெட்டி, நடுவில் நட்சத்திரத்தைவிடப் பெரிய ஓட்டை போட்டு, அட்டை மேல் சட்டம் மாதிரி வைத்து அனுப்புங்கள். அழுத்தத்தைச் சட்டம் வாங்கிக்கொள்ளும். உறை தடிமனாகும், தபால் கட்டணம் கூடலாம், எடை போட்டுப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

நன்றி, நன்றி. கவராயம் அம்மா சொன்னபடி நேற்று இரவு உட்கார்ந்தேன். முதல் நட்சத்திரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். நடுவில் அந்த வட்டம் வந்தபோது பையனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினேன், அவனுக்குக் கோபம். நான்காவது அட்டை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. வட்டத்துக்குள் ஐந்து மணி, ஒன்றும் ஆடவில்லை. தபாலில் போகும் பதினெட்டுக்குச் சமிக்கி, கையில் கொடுக்கும் ஏழுக்கு மணி என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். ஐந்தாவதில் எண்ணிக்கை தவறி, 13-இலிருந்து 6-க்குப் போகாமல் 5-இல் இறக்கிவிட்டேன். முழுவதும் தைத்து முடித்த பிறகுதான் பார்த்தேன். ஒரு கோடு மட்டும் வட்டத்தின் ஓரத்தைத் தொட்டு நிற்காமல் உள்ளே வெட்டிக்கொண்டு போகிறது, கண்ணை உறுத்துகிறது. பிரித்துவிடலாமா?

கவராயம் எழுதியது:

பிரிக்காதீர்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் இரண்டு முறை நூல் போயிருக்கிறது. திரும்ப உருவினால் துளை அகன்று, சரியாகத் தைத்தாலும் நூல் தளர்ந்து நிற்கும். 13-இலிருந்து 6-க்கு ஒரே ஒரு நூலைத் தனியாகக் கூடுதலாகப் போடுங்கள். வட்டம் மூடிக்கொள்ளும். தப்பான கோடு அங்கேயே இருக்கட்டும், 25 கோடுகளை யார் எண்ணப் போகிறார்கள்? அடுத்த அட்டையிலிருந்து, துளை போட்ட தாளைத் தூக்கிப் போடாமல் எண்கள் தெரியும்படி பக்கத்தில் வைத்துக்கொண்டு தையுங்கள்.