குன்னூர் ஸ்டேஷன் வர்க்கி கடை: வாங்கினவங்க சொல்லுங்க

கோவை_பாசஞ்சர்
ஜன்னல் அளவுக்கு இருக்குமே, உட்கார ஸ்டூல்கூட கிடையாதே, அந்தக் கடைதாங்க. ஊட்டியிலிருந்து மத்தியானம் 2 மணி மலை ரயில்ல மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிட்டிருந்தோம். அரைக் கிலோ வர்க்கி கேட்டேன், அதாங்க ஊட்டிப் பக்கத்து மொறுமொறு பேக்கரி பண்டம்.

"எங்க போறீங்க?"

"கோயமுத்தூருங்க."

"அப்பத் தர முடியாதுங்க. இப்பத்தான் அடுப்புலருந்து வந்துச்சு. சூட்டோட கட்டுனா நமுத்துப் போயிரும். நின்னு தின்றதா இருந்தா தரேன்."

நான் பணத்தை நீட்டிட்டே நிக்கிறேன். ரெண்டு வர்க்கியைப் பேப்பர்ல வச்சுக் கையில குடுத்துட்டு அடுத்த ஆளைப் பார்த்துட்டார். வண்டி வேற ஊதிருச்சு. அந்த ரெண்டுக்கும் காசு வாங்கலை. வீட்டுக்கு வெறுங்கையோட போனேன். அந்த ஆள் பண்ணுனது நல்லதா, திமிரா? இன்னிக்கும் புரியலைங்க.

கேத்தி_பொண்ணு
திமிருதான், சந்தேகமே வேண்டாம். எனக்குப் பக்கத்துலதான் வேலை, டீ டைமுக்கு அங்கதான் வாங்குவேன். ஒரு நாள் கடைசி முட்டை பப்ஸ் எனக்குன்னு பேப்பர்ல மடிச்சே வச்சாச்சு. அந்த நேரம் மேட்டுப்பாளையம் வண்டி வந்து நின்னுச்சு. கழுத்துல கேமரா மாட்டின ஒருத்தர் வந்து கேட்டதும், மடிச்சு வச்சதை எடுத்து அவர்கிட்ட நீட்டுறார்! "என்னண்ணா இது?"ன்னு கேட்டா, "நீ நாளைக்கும் வருவேல்லம்மா" அப்படிங்கிறார்.

நாளைக்கு வர்றவளுக்கு இன்னிக்குப் பசிக்காதா? காசு குடுத்தாச்சுன்னா அது என் பப்ஸ்தானே? சொல்லுங்க.

லோக்கோ_பிரியன்
முதல்ல எழுதினவர் வண்டி ஊதிருச்சுன்னு பதறியிருக்கவே வேண்டாம். இறங்கிற வண்டிக்குக் குன்னூர்லதான் டீசலைக் கழட்டி நீராவி எஞ்சினை மாட்டுவாங்க. அந்த ஷண்டிங்ல ஊதுறதெல்லாம் புறப்படுற ஊதல் கிடையாது. குன்னூருக்கும் கல்லாறுக்கும் நடுவுல 12 அடிக்கு ஒரு அடி ஏத்தம் இருக்கு, அதுக்குத்தான் ரெண்டு தண்டவாளத்துக்கும் மத்தியில பல் வச்ச தண்டவாளம், எஞ்சினோட பல்சக்கரம் அதைக் கடிச்சுட்டே போகும். எஞ்சின் எப்பவும் பள்ளத்துப் பக்கம்தான் நிக்கும். ஏறும்போது பின்னாடி இருந்து தள்ளும், இறங்கும்போது முன்னாடி நின்னு தாங்கும். 1899லருந்து மேட்டுப்பாளையம் குன்னூர் வண்டி ஓடுது, ஊட்டிக்கு நீட்டினது 1908ல. இதெல்லாம் தெரிஞ்சா நிதானமா நின்னு வர்க்கி தின்னலாம்.

கடையில நான் தேங்காய் பன் வாங்கினேன். நல்லா இருந்துச்சு.

வெலிங்டன்_மருமகள்
கடைக்கார அண்ணா சொன்னது சரி, வர்க்கியைச் சூட்டோட கட்டக் கூடாது. ஒரு மழை நாள்ல நானும் கேட்டு வாங்கினேன். நீலகிரியில பிளாஸ்டிக் கவர் கிடையாதுன்னு தெரியும்தானே, நியூஸ்பேப்பர்ல சுத்தி நூல் போட்டுக் குடுத்தார். பேப்பர் ஊறி, அடி கிழிஞ்சு, வர்க்கி மொத்தமும் பிளாட்பாரத்துல. நான் குனியறதுக்குள்ள ஒரு குரங்கு ரெண்டை அள்ளிட்டுக் கூரைக்குப் போயிருச்சு. கடைக்காரர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதுதான் இன்னும் ஆறலை.

அதனால கேளுங்க. போகும்போதே எவர்சில்வர் டப்பா எடுத்துட்டுப் போங்க. அடியில மடிச்ச பேப்பர் போடுங்க. ஆறுற வரைக்கும் மூடியைத் திறந்தே வைங்க, ஆறினதும் இறுக்கி மூடுங்க. ஃபிரிட்ஜ்ல வைக்கவே வைக்காதீங்க. நமுத்துப் போச்சுன்னா எண்ணெய் இல்லாத தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைச்சுட்டு, அது மேல பரப்பி வைங்க. மறுபடி மொறுமொறுன்னு ஆயிரும். டீயில முக்குறவங்க சட்டுனு எடுத்துரணும். என் மாமியார் ஆற அமரப் பேசிட்டே முக்குவாங்க, பாதி வர்க்கி டம்ளர் அடியிலதான் கிடக்கும், அப்புறம் ஸ்பூன் கேப்பாங்க. வாங்குறதா இருந்தா ஏறும்போதே வாங்காதீங்க, ஊட்டி மூடுபனியில வீணாப் போயிரும்.

கோவை_பாசஞ்சர்
டப்பா யோசனை நான் கேட்கவே இல்லைங்களே அக்கா! தரமாட்டேன்னு சொன்ன ஆள்கிட்ட டப்பாவை நீட்டி என்ன பண்றது? கேத்திக்காரங்களே, அந்தப் பப்ஸ் காசு என்ன ஆச்சு?

கேத்தி_பொண்ணு
திருப்பித் தரலை. மறுநாள் பப்ஸாவே குடுத்தார். அதுல முட்டை பாதிதான் இருந்துச்சு.

லோக்கோ_பிரியன்
எல்லாக் கடையிலயும் பாதி முட்டைதாங்க வைப்பாங்க.

கேத்தி_பொண்ணு
முந்தின நாள் மடிச்சு வச்சதுல முழுசா இருந்துச்சு. நான் பார்த்தேன்.