‘ஆஸ்கி’ தேர்வுக்குத் தமிழ்ச்சொல்: ‘சாவடித் திறன்தேர்வு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவ மாணவர்கள் ‘ஆஸ்கி’ (OSCE: Objective Structured Clinical Examination) என்று அழைக்கும், இடம் இடமாக நகர்ந்து மருத்துவத் திறன்களைச் செய்துகாட்டும் தேர்வுக்கு நண்பர் முன்மொழிந்த ‘புறவயக் கட்டமைப்பு மருத்துவத் தேர்வு’ என்னும் தொடர், ஆங்கிலப் பெயரின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஈடு வைக்கிறதே ஒழிய, தேர்வுக்கூடத்தில் நடப்பதைக் கண்முன் நிறுத்தவில்லை என்பது மும்பையில் இத்தேர்வை நடத்திவரும் என் கருத்து.

ஸ்காட்லாந்தின் டண்டீயில் மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டனும் உடன்பணியாற்றியோரும் உருவாக்கிய இம்முறை 1975-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. பழைய முறையில், வாய்த்த நோயாளியும் வாய்த்த தேர்வாளரும் மதிப்பெண்ணைப் பெரிதும் முடிவுசெய்தனர். என் இறுதியாண்டுத் தேர்வில் எனக்கு வாய்த்த நோயாளி தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர்; நோய் தொடங்கிய நாள் முதல் விழுங்கிய மாத்திரையின் நிறம் வரை தமிழிலேயே சொல்லி முடித்தார். அடுத்த கட்டிலில், மராத்தி மட்டுமே பேசிய மூதாட்டியிடம் கேரள மாணவர் பட்ட பாட்டை இன்றும் மறக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பணி, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் பட்டியல் என்று வகுத்தது இத்தகைய வேறுபாட்டைக் குறைக்கத்தான்; அதை ‘புறவயம்’ உணர்த்துமா என்பது ஐயமே.

மணியடித்ததும் மாணவர் ஓரிடத்தில் ரத்த அழுத்தம் அளப்பார். மறுமணியில் அடுத்த இடத்துக்குப் போய், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவரிடம் நெஞ்சுவலியைப் பற்றி விசாரிப்பார். ஆங்கிலத்தில் ‘ஸ்டேஷன்’ எனப்படும் இவ்விடங்களை ‘நிலையம்’ என்றால் எனக்குத் தாதர் ரயில் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. வாக்குச்சாவடியிலும் சுங்கச்சாவடியிலும் வரிசையில் வந்து, நின்று, ஒரு காரியத்தை முடித்துவிட்டு நகர்கிறோம் அல்லவா? ஆகவே ‘சாவடி’ என்கிறேன். மராத்தியிலும் ஊர்ப் பொதுவிடத்தைக் குறிக்க இச்சொல் உண்டு. (சாவும் அடியும் சேர்ந்த சொல்லா மருத்துவத் தேர்வுக்கு என்று மாணவி ஒருவர் சிரித்தார்; எனினும் அதன்பின் அவரே அச்சொல்லைத்தான் ஆள்கிறார்.)

ஆஸ்கிக்குச் ‘செயல்தேர்வு’ என்ற மாற்றுச்சொல்லை நான் ஏற்கத் தயங்குகிறேன். மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர், மருத்துவத் திறனை மதிப்பிட 1990-இல் வகுத்த பிரமிடில் அறிதல், செய்முறை அறிதல், செய்துகாட்டல், செய்தல் என நான்கு படிகள் உண்டு. ஆஸ்கி சோதிப்பது மூன்றாவதை. ‘செயல்’ என்ற சொல்லை இதற்கே செலவிட்டுவிட்டால், வார்டில் உண்மையான நோயாளியை மாணவர் பார்க்கும்போது ஆசிரியர் அருகிருந்து மதிப்பிடும் நான்காம் படிக்கு எதை வைப்பது? எனவே முன்னதற்குச் ‘சாவடித் திறன்தேர்வு’, பின்னதற்குப் ‘பணிநிலைச் செயல்மதிப்பீடு’ என்று முன்மொழிகிறேன். ‘கிளினிக்கல்’ விடுபட்டதே என்பார்க்கு: அதன் கிரேக்க வேர் படுக்கையைக் குறிப்பது, இத்தேர்விலோ பல சாவடிகளில் படுக்கையே இல்லை.

நோயாளியாக நடிப்பவருக்குப் ‘போலி நோயாளி’ என்ற பெயர் வேண்டாம். போலி மருத்துவரின் நிழல் அதில் விழுகிறது. ‘பயிற்சிபெற்ற நோயாளி’ போதும். இடையில் மாணவர் சற்று அமர விடப்படும் இடத்துக்கு ‘ஓய்வுச் சாவடி’ தானே அமைந்துவிடுகிறது. வழிப்போக்கர் தங்குமிடத்துக்கும் சாவடி என்றே பெயர்.