ஜாக்கி ராபின்சன் தன் வேடத்தைத் தானே போட்டது சரியா?

பழைய_ரீல்:
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 1950இல் வந்த 'தி ஜாக்கி ராபின்சன் ஸ்டோரி' பார்த்தேன். காப்புரிமையை யாரும் புதுப்பிக்கவில்லை என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது, ஒன்றேகால் மணி நேரம்தான். பேஸ்பால் பக்கம் போகாதவர்களுக்காக: அமெரிக்காவின் மேஜர் லீக்கில் அறுபது வருஷத்துக்கு மேலாகக் கறுப்பர்களுக்கு இடமே இல்லை. அந்தக் கதவை உடைத்து 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கியவர் ராபின்சன். அதற்கு மூன்றே வருஷம் கழித்து வந்த இந்தப் படத்தில் ராபின்சனாக நடித்தது ராபின்சனே.

என் கட்சி: அவரை நடிக்க வைத்தது தப்பு. 31 வயது ஆள் கல்லூரி மாணவனாக வருகிறார், அதைக்கூட விட்டுவிடலாம். வசனம் பேசும்போது பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற பையன் மாதிரி நிற்கிறார். மனைவியாக வரும் ரூபி டீ பக்கத்தில் வந்தாலே வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஒரு நடிகரைப் போட்டிருக்கலாம்.

ஷார்ட்ஸ்டாப்_சங்கரி:
சார், வசனம் போகட்டும். ஓட்டத்தை யார் நடிப்பார்கள்?

ராபின்சனின் பெரிய ஆயுதம் பேட் இல்லை, கால். பிட்சர் பந்தை வீசக் கையைத் தூக்கும் நொடியில் அடுத்த பேஸுக்கு, அதாவது ஓடிப்போய்த் தொட வேண்டிய அடுத்த முனைக்கு, ஓடிவிடுவதைத்தான் 'பேஸ் திருடுவது' என்கிறார்கள். 1949இல் அவர் திருடியது 37, மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அந்த வருஷம் அதுதான் அதிகம். படத்தில் அவர் பேஸை விட்டு நாலடி தள்ளி நிற்கும் இடத்தை நிறுத்திப் பாருங்கள். முழங்கால் மடங்கி, கைகள் இரண்டும் தொங்கலாக, முன்னே போவதா பின்னே வருவதா என்று பிட்சருக்கே தெரியாதபடி ஆடிக்கொண்டிருப்பார். பாதம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பிய அந்த ஓட்டத்தை எந்த நடிகனாலும் கொண்டு வந்திருக்க முடியாது.

நடிகரைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் வேண்டுமா? 1942இல் லூ கெரிக் என்ற பேஸ்பால் நட்சத்திரத்தின் கதையைப் படமாக்கினார்கள், 'தி பிரைட் ஆஃப் தி யாங்கீஸ்'. கெரிக் இடதுகைக்காரர். நடித்த கேரி கூப்பர் வலதுகைக்காரர். மனிதர் பேட்டைப் பிடித்தால் விறகு பிளக்கப் போகிறவர் மாதிரி இருக்கும். அதே படத்தில் நிஜ ஆட்டக்காரர் பேப் ரூத் தானாகவே வந்து நிற்கிறார். அவர் வரும் இடங்களில்தான் எனக்குப் பேஸ்பால் வாசனையே அடித்தது.

பழைய_ரீல்:
ஓட்டத்துக்கு டூப் போடலாமே மேடம்! தூரத்து ஷாட்டில் ராபின்சனை ஓட விட்டுவிட்டு, க்ளோசப்பில் நடிகரை வைத்திருக்கலாம். சண்டைக் காட்சிக்கு எல்லா ஊரிலும் அதைத்தானே செய்கிறார்கள்.

முட்டுச்சந்து:
சண்டை நடுவில் ஒரு சின்ன விஷயம். இதே டாட்ஜர்ஸ் அணியில் 1949இல் சக் கானர்ஸ் என்று ஓர் ஆறரை அடி ஆள் இருந்தார். அந்த அணிக்காக ஒரே ஒரு தடவை பேட் பிடித்தார், அதுவும் அவுட். 1951இல் சிகாகோ கப்ஸுக்குப் போய் 66 ஆட்டம் ஆடினார். பேஸ்பால் நமக்குச் சரிப்படாது என்று நடிக்கப் போய், 1958இலிருந்து ஐந்து வருஷம் 'தி ரைஃபிள்மேன்' தொடரில் துப்பாக்கியோடு வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் ஆகிவிட்டார்.

ஆக, ஒரே அணியில் ஆடத் தெரிந்தவருக்கு நடிப்பு வரவில்லை, நடிக்கத் தெரிந்தவருக்கு ஆட்டம் வரவில்லை. வெள்ளைக்காரரான கானர்ஸை ராபின்சனாகப் போட முடியாது என்பதுதான் பிரச்சினை. சரி, நீங்கள் தொடருங்கள்.

ஷார்ட்ஸ்டாப்_சங்கரி:
முட்டுச்சந்து அண்ணே, 😄

ரீல் சார், க்ளோசப் என்றீர்களே, அதையே எடுத்துக்கொள்கிறேன். டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கியின் அறைக் காட்சி. நிஜத்தில் அது 1945 ஆகஸ்ட் 28 அன்று புரூக்ளினில் நடந்தது, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். உன்னை இப்படித் திட்டுவார்கள், இப்படி இடிப்பார்கள் என்று ரிக்கி ஒவ்வொன்றாக நடித்தே காட்டுகிறார். திருப்பி அடிக்க பயப்படுகிற ஆள்தான் வேண்டுமா என்று ராபின்சன் கேட்க, திருப்பி அடிக்காமல் இருக்கிற துணிச்சல் உள்ள ஆள் வேண்டும் என்கிறார் ரிக்கி.

இந்த மனிதர் இயல்பில் அடங்கிப் போகிறவர் இல்லை. 1944இல் ராணுவத்தில் இருந்தபோது பஸ்ஸின் பின்பக்கம் போகச் சொன்னதற்கு மறுத்தவர். அதனால் ராணுவ நீதிமன்றம் வரை போய், குற்றமற்றவர் என்று விடுதலையானவர். அப்படிப்பட்டவர் ரிக்கிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு ஆடினார். 1949இல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அவிழ்ந்த மறு குளிர்காலத்தில் கேமரா முன் உட்கார்ந்து, ரிக்கியாக வரும் மைனர் வாட்சன் வாயிலிருந்து அதே வசவுகளை மறுபடி கேட்கிறார். நீங்கள் 'விறைப்பு' என்கிறீர்கள். எனக்கு அது பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற தாடையாகத் தெரிகிறது.

எட்டாம்_வரிசை:
இங்கேதான் நான் ரீல் சார் பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். அதனால் அது தாடையில் தெரிகிறது. தெரியாமல் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்?

2013இல் ராபின்சனைப் பற்றி வந்த '42' படத்தைப் பாருங்கள். எதிரணியான பிலடெல்பியாவின் மேனேஜர் பென் சாப்மன் ஆட்டம் முழுக்க இனத்தைச் சொல்லித் திட்டுகிறார். ராபின்சனாக வரும் சாட்விக் போஸ்மேன் எதுவும் பேசாமல் நடந்து, ஆட்கள் இல்லாத சுரங்கப் பாதைக்குள் போய் பேட்டைச் சுவரில் அடித்து நொறுக்கி, அப்படியே உட்கார்ந்து அழுவார். அந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் உடைந்து போகிற நிலைக்கு வந்தது அன்றுதான் என்கிற மாதிரி ராபின்சனே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் மறைத்ததை வேறொருவர் நடித்துத்தான் நமக்குக் காட்ட முடிந்தது. மறைத்துப் பழகிய ஆளையே கூப்பிட்டு மறைத்ததைக் காட்டு என்றால் எப்படி?

ஷார்ட்ஸ்டாப்_சங்கரி:
நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் '42' வந்தது ராபின்சன் இறந்து நாற்பது வருஷம் கழித்து. 1950இல் பேட்டை உடைத்து அழுகிற கறுப்பு நாயகனை எந்தத் தயாரிப்பாளர் எடுத்திருப்பார்? அப்போது கிடைத்த கதவு அவ்வளவுதான் திறந்தது.

பழைய_ரீல்:
சரி, என் உண்மையான குறைக்கு வருகிறேன். முதல் பதிவில் நடிப்பு நடிப்பு என்று சுற்றி வளைத்தேன். உறுத்துவது கடைசிக் காட்சி.

படம் மைதானத்தில் முடியவில்லை, வாஷிங்டனில் முடிகிறது. 1949 ஜூலையில் அமெரிக்க எதிர்ப்பு நடவடிக்கைகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு ராபின்சனைக் கூப்பிட்டது. எதற்கு? சோவியத் நாட்டுக்கு எதிராகக் கறுப்பர்கள் சண்டைக்குப் போகமாட்டார்கள் என்று பாரிஸில் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்த பால் ரோப்சனுக்குப் பதில் சொல்ல வைக்க. இந்த ரோப்சன் யார்? பாடகர், நடிகர். 1943இலேயே பேஸ்பால் முதலாளிகள் கூட்டத்துக்கு நேரில் போய், கறுப்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பேசியவர். ராபின்சனுக்குக் கதவைத் தட்டியவர்களில் ஒருவர். படம் வந்த அதே 1950இல் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள்.

இதில் ஒரு நடிகர் நின்று தேசபக்தி உரை பேசியிருந்தால் அது ஒரு காட்சி. ராபின்சனே நின்று பேசும்போது அது குழுவின் முன் சொன்னதற்கு அவர் போட்ட இரண்டாம் கையெழுத்து. அந்த முகத்தை முத்திரையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதுதான் என் கோபம்.

ஷார்ட்ஸ்டாப்_சங்கரி:
கோபம் சரி, ஆள் தப்பு. குழுவின் முன் அவர் பேசியதை முழுசாகப் படித்தீர்களா? போலீஸ் அராஜகத்தையும் கறுப்பர்களைக் கும்பலாக அடித்துக் கொல்வதையும் ஒரு கம்யூனிஸ்ட் கண்டிக்கிறான் என்பதால் அது பொய்யாகிவிடாது என்கிற அர்த்தத்தில் அங்கேயே சொன்னார். படத்தின் உரையில் அந்தக் காரம் இல்லை. கேள்வியைத் திரைக்கதை எழுதியவர்களிடம் கேளுங்கள். இருவரில் ஒருவர் ஆர்தர் மேன், ரிக்கியிடம் உதவியாளராக இருந்தவர்! படத்தில் ரிக்கி ஏன் ஞானி மாதிரி வருகிறார் என்று இப்போது புரிகிறதா?

அப்புறம், 1972இல் வந்த சுயசரிதையில் ராபின்சனே மனம் திறக்கிறார். ரோப்சன் மேல் தனக்கு மரியாதை கூடிவிட்டது, தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று பாட முடியவில்லை என்று எழுதினார். அந்த வருஷமே இறந்தும் போனார்.

பழைய_ரீல்:
நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள் மேடம். மனம் மாறியது புத்தகத்தில் இருக்கிறது, அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மாறாத முகம் இணையத்தில் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நடிகர் செய்திருந்தால், அது நான் இல்லை என்று சொல்ல ராபின்சனுக்கு ஒரு வழியாவது இருந்திருக்கும்.

எட்டாம்_வரிசை:
இதற்குப் பதில் இருக்கிறதா சங்கரி?

ஷார்ட்ஸ்டாப்_சங்கரி:
முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அண்ணன் மேக் வரும் இடம் ஞாபகம் இருக்கிறதா? நிஜ மேக் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் ஜெசி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வாங்கியவர். ஊர் திரும்பி பாசடீனாவில் தெரு கூட்டினார். படத்திலும் அவர் கையில் துடைப்பம்தான். எதிரே நிற்பது நிஜத் தம்பி. அந்த இடத்தில் ராபின்சன் பெரிதாக எதுவும் நடிக்கவில்லை, பார்க்கிறார், அவ்வளவுதான். அதற்கு நான் எந்த நடிகரையும் மாற்றுக் கேட்க மாட்டேன்.

பழைய_ரீல்:
அந்த இடம் எனக்கும் தொண்டையை அடைத்தது. ஓட்டம், மேக் காட்சி இரண்டையும் உங்களுக்கே விட்டுத் தருகிறேன். வாஷிங்டனை விட்டுத் தர மாட்டேன்.

ஷார்ட்ஸ்டாப்_சங்கரி:
வேண்டாம், அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டுச்சந்து:
சமாதானம் ஆகிவிட்டீர்களே என்று கவலையில் கேட்கிறேன். அந்த ராணுவ நீதிமன்றக் கதையை 1990இல் தனியாகத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார்களாம், ஆண்ட்ரே பிராவர் ராபின்சனாக. அதில் ராபின்சனின் அம்மாவாக வருவது யார் தெரியுமா? நம்ம ரூபி டீ. நாற்பது வருஷத்தில் மனைவியிலிருந்து அம்மாவுக்கு! எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு அடுத்த சண்டையைத் தொடங்கலாம்.